சாட்சியிடம் கேட்காமல் விட்ட கேள்வி: பழைய துன்பியல் நாடகத்தைப் பின்நவீனத்துவமாக வாசிக்க ஒரு வழி

பாரிமுனையில் 31 வருடம் கோர்ட் ஸ்டெனோவாக இருந்தேன். சாட்சி சொல்வதைக் காதில் வாங்கிக் கையில் இறக்குவதுதான் வேலை. திருத்தக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது, சாட்சி அழுதால் நாம் கலங்கக் கூடாது. இலக்கியக் கோட்பாடு எதையும் காலேஜில் படித்தவன் இல்லை. தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் பின்நவீனத்துவக் கட்டுரைகளைப் படித்துவிட்டு நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன், அவ்வளவுதான்.

போன வருடம் அக்கா பெண் வந்தாள். எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். "மாமா, ஈடிபஸைக் கட்டுடைச்சு ஒரு பேப்பர் எழுதணுமாம். எங்கேருந்து உடைக்கிறதுன்னே தெரியல." (ஒரு பிரதியைப் பிரித்து, அதற்குள்ளேயே இருக்கும் முரண்களைக் காட்டுவதற்குத்தான் கட்டுடைப்பு என்று பெயர்.)

"உடைக்கிறது இருக்கட்டும். யார் யார் என்ன சொன்னாங்கன்னு மொதல்ல வரிசையா எழுது."

திருவல்லிக்கேணியில் எங்கள் மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்கால வாசிப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. நாங்கள் ஐந்து பேர்: அக்கா பெண், அவள் சிநேகிதி, ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவர், மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர், நான். இந்த ஒரு வருடத்தில் எங்களுக்குப் பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன். பரீட்சைக்கு உதவுமா என்று கேட்காதீர்கள்.

முதலில் கதையாகப் படியுங்கள்

பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' சுமார் 1530 வரி. கதை இதுதான்: தீப்ஸ் நகரத்தில் கொள்ளைநோய், பழைய ராஜாவைக் கொன்றவனை விரட்டினால்தான் தீரும் என்று குறி. கொலையாளியைத் தேடும் ராஜா ஈடிபஸே, தெரியாமல் அப்பாவைக் கொன்று அம்மா யொகாஸ்டாவை மணந்தவன் என்று கடைசியில் முடிவாகிறது. ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து வாய்விட்டுப் படித்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். நடுவில் ஒரு டீக்குக் கூட நேரம் உண்டு. ஜெப் என்பவர் நூறு வருடத்துக்கும் முன்னால் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது ஒன்று போதாது, இன்னொன்றும் வேண்டும். ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக ஆராய்வது, ஜெராக்ஸை வைத்துக்கொண்டு கையெழுத்து அசலா என்று பார்க்கிற மாதிரி. எந்தப் பதிப்பானாலும் வரி எண் போட்டிருக்க வேண்டும். வரி எண் இல்லையென்றால் சண்டை போட முடியாது.

முதல் தடவை படிக்கும்போது பேனாவைக் கீழே வையுங்கள். யொகாஸ்டா எல்லாம் புரிந்து, புருஷனைப் பார்த்து இதற்குமேல் தேடாதே என்று கெஞ்சிவிட்டு உள்ளே போகிறாள் பாருங்கள், அந்த இடத்தில் தொண்டை அடைக்காதவருக்கு இந்த வேலை வேண்டாம். நாடகம் பிடித்தவர்தான் அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

அப்புறம், பழைய வாசிப்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அரிஸ்டாட்டில் சொன்ன 'ஹமார்ஷியா'வை நாயகனின் குணக்குறை என்று கைடுகள் எழுதிவிடும். அது அம்பு குறி தப்புவதைச் சொல்கிற வார்த்தை. பிழை என்று சொல்லலாம், அகந்தை என்று சொல்ல முடியாது. பழைய வாசிப்பையே தப்பாகத் தெரிந்துகொண்டு அதை உடைத்தால், இல்லாத சுவரை இடித்த கதைதான்.

பின்நவீனத்துவம் என்பதற்கு பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோதார் 1979-இல் கொடுத்த விளக்கம் சுருக்கமானது: பெருங்கதையாடல்கள் மேல் நம்பிக்கை இல்லாமை. எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் அடக்கிவிடுகிற பெரிய கதைதான் பெருங்கதையாடல். துன்பியல் நாடகங்களுக்கு அப்படிச் சில கதைகள் தயாராக இருக்கின்றன. 'விதி வென்றது' ஒன்று. 'உண்மை வெளியே வந்தே தீரும்' இன்னொன்று. நீங்கள் கையில் எடுத்த நாடகத்துக்கு எந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். அந்த வரிக்கு அடங்காதது நாடகத்துக்குள் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் மீதி வேலை.

சாட்சிப் பட்டியல் போடுங்கள்

ஈடிபஸில் 'உண்மை வெளிவந்தே தீரும்' என்பதைத்தான் எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தோம்: யார் சொன்னது, நேரில் பார்த்ததா, எந்த வரி.

பழைய ராஜா லாயஸ் வழியில் கொல்லப்பட்டான். தப்பி வந்தவன் ஒரே ஒரு வேலைக்காரன். அவன் சொன்னதை முதலில் யொகாஸ்டாவின் சகோதரன் கிரியோன் வந்து சொல்கிறான், 122-ஆம் வரியை ஒட்டி: ஒருவன் கை அல்ல, கொள்ளையர் பலர். உடனே 124-இல் ஈடிபஸ் திருப்பிக் கேட்கிறான்: அந்தக் கொள்ளையன் எப்படித் துணிந்தான்? பலர் என்று காதில் விழுந்த மறு நிமிடம் அவன் வாயில் ஒருமை வருகிறது. கிரேக்க மூலத்தில் ஒருமைதான். உங்கள் இரண்டு மொழிபெயர்ப்பிலும் அந்த வரியைப் பாருங்கள், ஏதாவது ஒன்றில் நைசாகச் சரிசெய்திருக்கக் கூடும்.

பிறகு யொகாஸ்டா சொல்கிறாள்: வெளியூர்க் கொள்ளையர்கள், முச்சந்தியில். மறுபடியும் பன்மை. ஈடிபஸுக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் ஒரு முச்சந்தியில் வண்டியில் வந்த கிழவரை அவனே அடித்துக் கொன்றிருக்கிறான். அந்த வேலைக்காரனைக் கூப்பிடச் சொல்கிறான். 842-ஆம் வரியிலிருந்து ஈடிபஸ் சொல்வதை எங்கள் வாத்தியார் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். சாட்சி இப்போதும் பலர் என்றே சொன்னால் நான் கொலையாளி இல்லை, ஒருவன் பலருக்குச் சமம் ஆக முடியாது என்கிறான். முழு வழக்கும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. எத்தனை பேர்?

சாட்சியும் வருகிறான். ஆனால் அதற்குள் கொரிந்த் நகரத்திலிருந்து ஒருவன் வேறு சேதியோடு வந்துவிடுகிறான், பேச்சு ஈடிபஸின் பிறப்புப் பக்கம் திரும்பிவிடுகிறது. அதே வேலைக்காரன்தான் முன்னொரு காலத்தில் குழந்தை ஈடிபஸைக் கை மாற்றியவனும். அவனைக் கையை முறுக்கி விசாரிக்கிறார்கள், குழந்தையைப் பற்றி. கொலையைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. எத்தனை பேர் என்று கடைசிவரை யாருமே கேட்கவில்லை!

எனக்கு இது ஏன் சுருக்கென்று தைத்தது என்று சொல்கிறேன். சர்வீஸில் சேர்ந்த புதிதில் ஒரு சொத்து வழக்கு. கூண்டில் நின்ற பெண் சொன்னாள், "அவங்க வந்து கதவப் பூட்டிட்டாங்க." நான் 'அவர்கள் வந்து கதவைப் பூட்டிவிட்டார்கள்' என்று அடித்துவிட்டேன். மறு வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார். எந்த அவர்கள்? எத்தனை பேர்? பெயர் சொல்லுங்கள். அந்தப் பெண் திகைத்துப் போய் நின்றாள். அவள் சொன்னது ஒரே ஆளை, அவள் மாமனாரை. மருமகள் மாமனாரை 'அவன்' என்றா சொல்வாள்? மரியாதையைப் பன்மையாக்கிய புண்ணியவான் நான். அரை நாள் போனது. அதிலிருந்து ஒருமை பன்மை என்றால் எனக்கு ஒரு நடுக்கம்.

அக்கா பெண் அந்தக் காட்சியைப் பேச்சுத் தமிழில் போட்டுப் பார்த்தாள். 'வந்தாங்க, அடிச்சாங்க, கொன்னுட்டாங்க.' நம் பேச்சில் கொலைகாரன் ஒருவனா பலரா என்று இதிலிருந்து சொல்லவே முடியாது. கொள்ளைக்காரனுக்கு யார் மரியாதை கொடுப்பார்கள் என்று ரெப் கேட்டார். அதுவும் நியாயம்தான்.

தீர்ப்பு எழுதாதீர்கள்

இந்த இடத்தில் பலரும் வழுக்குகிறார்கள். "அப்ப ஈடிபஸ் நிரபராதி!" என்று அக்கா பெண்ணின் சிநேகிதி குதித்தாள். அது துப்பறியும் கதையின் முடிவு. பழைய பெரிய கதையை எடுத்துவிட்டு அதே நாற்காலியில் புதியதை உட்கார வைப்பது. எதிர்ப்பக்கமும் நாடகத்திலேயே இருக்கிறது. ஒற்றை ஆளிடம் அடி வாங்கி ஓடிவந்த வேலைக்காரன் வெட்கத்தில் பலர் என்று சொல்லியிருக்கலாம். ஈடிபஸ் அரியணையில் இருப்பதைப் பார்த்ததும் அவன் யொகாஸ்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் கண்ணில் படாத மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். ஏன்? ஈடிபஸும் எல்லாரையும் கொன்றேன் என்று சொல்கிறான், ஆனால் ஒருவன் தப்பியிருக்கிறான். ரெக்கார்டு இரண்டு பக்கமும் இழுக்கிறது.

1978-இல் சாண்டர் குட்ஹார்ட் என்ற இலக்கிய ஆய்வாளர் இந்தப் பல கொள்ளையர் விஷயத்தை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு முக்கியம் யார் கொன்றது என்பதல்ல. நிரூபிக்கப்படாத ஒன்றை எல்லாரும், ஈடிபஸ் உட்பட, எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான். யோசித்துப் பாருங்கள், விசாரிப்பவன் ஈடிபஸ், குற்றவாளியும் ஈடிபஸ், தண்டனை கொடுப்பதும் ஈடிபஸ். இப்படி ஒரு கோர்ட்டில் நான் ஸ்டெனோவாக இருந்தால் முதல் நாளே லீவு போட்டிருப்பேன். உண்மை வெளியே வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த நாடகத்தில் உண்மை எப்படித் தயாராகிறது என்று பார்க்க முடிகிறதே, அதுதான் இந்த வாசிப்பின் பலன். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் வெட்டுகிற சொல்லைப் பிடியுங்கள்

பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா 1968-இல் பிளேட்டோவை வைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதன் அச்சாணி 'ஃபார்மகான்' என்கிற கிரேக்கச் சொல். மருந்தும் அதுதான், விஷமும் அதுதான். மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவுடன் மற்றது செத்துவிடுகிறது என்பது அவர் வாதம். கல்லூரிகளில் இதற்கு மூன்று வகுப்பு ஆகுமாம். தமிழனுக்கு அரை நிமிடம் போதும். "மருந்து சாப்பிட்டியா?" என்பதும் மருந்து, "மருந்தைக் குடிச்சிட்டாளாம்" என்று பக்கத்து வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வதும் மருந்து. சோற்றில் வைப்பதும் மருந்து, பட்டாசில் அடைப்பதும் மருந்து. எங்கள் ரெப் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதன் உறவுக்காரச் சொல் 'ஃபார்மகோஸ்'. ஏதென்ஸில் தார்கீலியா என்ற விழாவின்போது, ஊரின் அழுக்கைச் சுமப்பவர்களாக இரண்டு பேரை வெளியே விரட்டும் வழக்கம் இருந்தது. அவர்களுக்கு அந்தப் பெயர். ஈடிபஸும் அப்படித்தான்: கொள்ளைநோய்க்குக் காரணமும் அவன், அவனை வெளியேற்றுவதுதான் வைத்தியமும். நமக்கு இது புதிதில்லை. அமாவாசைக்கு அமாவாசை கடை வாசலில் திருஷ்டி சுற்றி உடைக்கிறோமே பூசணிக்காய், அந்த வேலைதான். கழிப்புக் கழித்ததைக் கொண்டுபோய்ப் போடுவதும் எங்கே? முச்சந்தியில்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடைசியில் தீப்ஸில் நோய் நின்றதா என்று நாடகம் சொல்லவே இல்லை. நோயில் ஆரம்பித்த நாடகம் அதை அப்படியே மறந்துவிடுகிறது. மருந்து வேலை செய்ததா என்று தெரியாமல் திரை விழுகிறது. (கிரேக்க மேடையில் திரை கிடையாது, சும்மா ஒரு பேச்சுக்கு.)

இதே கேள்வியைச் சிலம்பில் கேளுங்கள்

முறை கைக்கு வந்ததா என்று சோதிக்க, மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றில் போட்டுப் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தை எடுத்தோம். அது காப்பியம், மேடை நாடகம் இல்லை, ஆனாலும் நாடகக் காப்பியம் என்று சொல்லித்தானே வளர்ந்தோம். பெரிய கதையைப் பதிகமே சொல்லிவிடுகிறது: ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்.

சரி, கோவலனைக் கொன்றது யார்? எத்தனை பேர்? பாண்டியன் சொன்னது 'கொன்று அச்சிலம்பு கொணர்க'. 'கொல்ல' என்று சொல்ல நினைத்தவன் வாய் தவறிக் 'கொன்று' என்றான் என்று ஒரு விளக்கம் உண்டு, வாத்தியார் அதில் உருகிவிடுவார். ஒரு வினையெச்சம் மாறியதில் ஒரு உயிர். ஸ்டெனோவுக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது. ஆனால் கட்டளையோடு முடியவில்லை. போன காவலர்கள், இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் களவுக் கலை பற்றிப் பிரசங்கம் செய்து அவர்கள் வாயை அடைக்கிறான். வாளை வீசியது பெயர் இல்லாத ஒரு குடிகாரன், 'கல்லாக் களிமகன்'. ஆக ராஜா, பொற்கொல்லன், தயங்கியும் தடுக்காத காவலர்கள், குடிகாரன். பலர். அப்புறம் கண்ணகி வந்து கேட்டதும் 'யானே கள்வன்' என்று ராஜா மொத்தத்தையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு விழுந்து சாகிறான். பலர் மறுபடியும் ஒருவர் ஆகிவிட்டார்கள்.

அதோடு விட்டால் பரவாயில்லை. முன்னால் இருக்கும் உரைபெறு கட்டுரையை நாம் யாரும் நின்று படிப்பதில்லை. மழை பொய்த்து, பாண்டிய நாட்டில் வெப்பு நோய் வருகிறது, தீப்ஸைப் போலவே. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலி கொடுக்கிறான். மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கியது என்று அந்த உரைநடை நிதானமாகச் சொல்கிறது. ஒரு தட்டான் செய்ததற்கு ஆயிரம் தட்டான்கள். தீப்ஸில் பலர் ஒருவனானார்கள், இங்கே ஒருவன் ஆயிரமானான். அங்கே மருந்து வேலை செய்ததா என்று சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. வாத்தியார் அன்றைக்குக் கீழே இறங்கும்போது, "நாப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன் சார், அந்தப் பக்கத்தை வேகமாத் தாண்டிடுவேன்" என்றார்.

மாடியிலிருந்து நடந்தால் கடற்கரை பக்கம்தான். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த கண்ணகி சிலை 2001-இல் எடுக்கப்பட்டு, 2006-இல் திரும்ப வந்தது. பிரதி, அதாவது கோட்பாட்டுக்காரர்கள் சொல்கிற 'டெக்ஸ்ட்', என்றால் புத்தகம் மட்டும்தானா என்று யாராவது கேட்டால் அந்தச் சிலையடிக்கு அழைத்துப் போங்கள். வைத்தவர்கள், எடுத்தவர்கள், திரும்ப வைத்தவர்கள் மூவரும் ஒரே கண்ணகியைத்தான் பார்த்தார்களா?

சில்லறை விஷயங்கள்

பாத்திரங்களை மாற்றிப் படியுங்கள். சோஃபக்ளீஸ் காலத்தில் மூன்றே நடிகர்கள், முகமூடி மாற்றி எல்லாப் பாத்திரமும் அவர்கள்தான். அரசனுக்கும் அவன் விரட்டும் ஆளுக்கும் ஒரே குரல் கொடுத்துப் பாருங்கள், காதே நிறைய விஷயம் சொல்லும்.

வசனம் குறைந்தவர்களை எண்ணுங்கள். சோஃபக்ளீஸின் இன்னொரு நாடகமான 'ஆன்டிகனி'யில் கிரியோனின் மனைவி யூரிடிசிக்கு மொத்தம் ஒன்பது வரி. மகன் செத்த சேதியைக் கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ச் சாகிறாள். ஹாம்லெட்டின் இரண்டு உப்புச்சப்பில்லாத நண்பர்களை நடுவில் நிறுத்தி டாம் ஸ்டாப்பர்ட் 1966-இல் ஒரு நாடகமே போட்டுவிட்டார். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் குறைவாகத்தான் இருக்கும். ராஜா அழுதுகொண்டிருக்கும்போதே கட்டியங்காரன் நடுவில் புகுந்து கிண்டல் பண்ணுவான், நாமும் சிரித்துவிட்டு அடுத்த நிமிடம் அழுவோம்.

'சொல்லாடல்', 'மற்றமை', 'கட்டுடைப்பு' மாதிரி வார்த்தைகளுக்கு எங்கள் மாடியில் அபராதம், ஒன்றுக்கு ஐந்து ரூபாய். உண்டியலில் சேர்ந்த பணத்தில் பாதி என்னுடையது. எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைப்பவர்களுக்கு வேறு விதி: வரி எண்ணைச் சொல்ல முடியாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பிரெஞ்சு விமர்சகர் பார்த் 1967-இல் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆசிரியன் இறந்தாலும் ரெக்கார்டு இருக்கிறது.

அடுத்து எதை எடுப்பது என்றால், ஆன்டிகனியையே எடுங்கள். 223-ஆம் வரியில் காவலாளி வந்து சொல்லும் வாக்குமூலத்திலிருந்து தொடங்குங்கள். ஆன்டிகனியின் சகோதரன் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று ராஜா கிரியோன் தடை போட்டிருக்கிறான், ஆனால் அதன் மேல் யாரோ மண் தூவியிருக்கிறார்கள். மண்வெட்டித் தடம் இல்லை, வண்டித் தடம் இல்லை, மிருகத்தின் தடமும் இல்லை. காவலர்கள் மண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி காத்திருக்கிறார்கள், அப்போதுதான் ஆன்டிகனி வந்து பிடிபடுகிறாள். ஒரு தடவை தூவினாலே சடங்கு முடிந்ததே, அவள் ஏன் இரண்டாவது தடவை வந்தாள்? முதல் தடவை வந்தது யார்? முன்னால் நடந்தது, இப்போது நடந்தது இரண்டையும் சொல்லிக் கேட்டோம் என்று காவலாளி 434-ஐ ஒட்டிச் சொல்கிறான். அதற்கு அவள் எதையும் மறுக்கவில்லை என்றுதான் அவன் சொல்கிறானே தவிர, ஒப்புக்கொண்டாள் என்று சொல்லவில்லை. பிறகு கிரியோனிடம் அவளே, செய்தேன், மறுக்கவில்லை என்கிறாள். எதைச் செய்தாய் என்று அவன் கேட்கவில்லை. நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை மழை இல்லையென்றால் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.